முகூர்த்தம் காலை எட்டேகால், இடம் கேப் ராக்: ஒரு பாலைவனக் கல்யாணத்தின் திட்டம்

பெண்ணும் பையனும் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) வேலை பார்ப்பவர்கள். இரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரியும், எதிர்ப்பும் இல்லை. ஆனால் எந்த ஊர் மண்டபம், யார் வீட்டு முறை, யார் யாருக்குப் பத்திரிகை என்று பேச்சு இழுத்துக்கொண்டே போனதில் இருவருக்கும் அலுத்துவிட்டது. ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் போய்த் தாலி கட்டிக்கொண்டு வந்துவிடுவோம், ஊரில் வரவேற்பைப் பெரியவர்கள் இஷ்டப்படி பிறகு நடத்திக்கொள்ளட்டும் என்று முடிவு செய்துவிட்டு என்னிடம் வந்தார்கள். தென் கலிஃபோர்னியாவில் இந்த மாதிரிச் சின்னக் கல்யாணங்களுக்கு ஏற்பாடு செய்து தருவது என் வேலை. அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, திட்டம் எப்படி உருவானது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அவர்கள் கேட்டவை: சட்டப்படியும் அன்றே கல்யாணம் முடிய வேண்டும். சித்தி வீட்டில் தங்கியிருக்கும் பெண்ணின் பாட்டி கண்டிப்பாக இருக்க வேண்டும். பாட்டிக்கு முழங்கால் வலி, கையில் ஊன்றுகோல். நல்ல நேரம் பார்க்க வேண்டும். அப்புறம் பூங்காவுக்குள் இருக்கும் கீஸ் வியூ உச்சியில் சூரியன் மறையும்போது மாலை மாற்றுவது போல ஒரு படம். கடைசியாகச் சொன்ன இந்த ஆசையிலிருந்துதான் மொத்த யோசனையும் பிறந்தது என்பது பேசும்போதே தெரிந்தது. திட்டம் முடிந்தபோது மிச்சமில்லாமல் போனதும் அது ஒன்றுதான்.

பாலைவனப் பூங்காக் கல்யாணத்தில் காட்சியைப் பிடித்துக்கொண்டு மற்றதை அதற்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வரவே கூடாது. பருவம், வெயில் விழும் கோணம், லைசென்ஸ், வயதானவரின் கால் ஆகியவற்றை முதலில் பார்த்துவிட்டால், இடம் தானாக வந்து நிற்கும்.

நாளும் நேரமும்

ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை என்ற வழக்கத்தை இந்தப் பாலைவனம் தன் பங்குக்கு வழிமொழிகிறது. கோடையில் பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை திடீர் இடிமழையும் காட்டாற்று வெள்ளமும் வேறு. மார்கழியில் பகல் 15 டிகிரிதான், இரவில் உறைநிலைக்குக் கீழே இறங்கும். மிஞ்சுவது பங்குனி, சித்திரை அல்லது ஐப்பசி, கார்த்திகை. அப்போது பகலில் 29, இரவில் 10 டிகிரி என்பது பொதுவான கணக்கு. ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேராக வரும் கூட்டத்தில் பெரும்பகுதியும் இதே மாதங்களைத்தான் தேடி வருகிறது. வசந்தகால வார இறுதி என்றால் மேற்கு வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். காற்றும் பலமாக அடிக்கும். அதனால் கார்த்திகை, அதுவும் வாரநாள் என்றேன். நாளைச் சித்தி பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துத் தந்தார்: கார்த்திகை பிறந்ததும் வரும் முதல் வியாழன். அடுத்த வியாழன் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. அந்த வாரத்தில் பூங்காப் பக்கமே தலைவைக்க முடியாது என்பதால் எனக்கும் நிம்மதி.

நேரத்தில்தான் சிக்கல். வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரில் வியாழன் எமகண்டம் 6 முதல் 7.30, குளிகை 9 முதல் 10.30, ராகு காலம் 1.30 முதல் 3 என்று போட்டிருக்கும். சூரியன் ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைகிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. நவம்பர் மூன்றாம் வாரத்தில் ஜோஷுவா ட்ரீயில் உதயம் ஏறத்தாழ 6.20, அஸ்தமனம் 4.40. பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம் வராது, 77 நிமிடம்தான். அந்தக் கணக்கில் எமகண்டம் 7.37 வாக்கில் முடிகிறது, குளிகை 8.55க்கு ஆரம்பிக்கிறது, ராகு காலம் 12.50 முதல் 2.05 வரை. சென்னைக் காலண்டரை நம்பி ஒன்றேகால் மணிக்கு வைத்திருந்தால் சரியாக ராகு காலத்தின் நடுவில் தாலி ஏறியிருக்கும். இதெல்லாம் பார்ப்பதில்லை என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஆனால் பார்ப்பது என்று முடிவெடுத்துவிட்டால் அந்த ஊர்ச் சூரியனை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கிடைத்த இடைவெளி 7.40 முதல் 8.55. எட்டேகால் என்று குறித்தோம்.

"அக்கா, அப்போ சன்செட் போட்டோ?" என்று பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. படமெடுப்பவரும் சாயங்கால வெளிச்சம்தான் வேண்டும் என்று நின்றார். இங்கே சூரியனின் உயரத்தை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஏப்ரல் நடுவில் உச்சிப்பொழுதில் சூரியன் அடிவானத்திலிருந்து 66 பாகை உயரத்தில் நிற்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் கீழே கறுப்பு நிழல் விழும். நவம்பர் 20ஐ ஒட்டி உச்சிப்பொழுதிலேயே 36 பாகைதான். காலை எட்டேகாலுக்கு இருபதைக்கூடத் தொடாது. சாய்ந்த, மஞ்சளான வெளிச்சத்துக்காகத்தானே அஸ்தமனத்தைத் தேடுகிறார்கள். கார்த்திகைக் காலையில் அது சும்மாவே கிடைக்கிறது. சாயங்காலமென்றால் 4.40க்கு மேல் விறுவிறுவென்று இருட்டிக்கொண்டு வரும், குளிர் இறங்கும், பாட்டியைக் கையைப் பிடித்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் வண்டிக்கு அழைத்துவர வேண்டும். படமெடுப்பவர் இரண்டு நாள் கழித்து ஒப்புக்கொண்டார்.

இடம்

ஜோஷுவா ட்ரீயில் எந்தப் பாறையடியிலும் நின்று கல்யாணம் செய்துகொள்ள முடியாது. இரண்டே பேர் என்றாலும் சிறப்புப் பயன்பாட்டு அனுமதி, அதாவது ஸ்பெஷல் யூஸ் பெர்மிட், வாங்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 120 டாலர். வேண்டாம் என்று பின்வாங்கினாலும் திரும்ப வராது. கல்யாணங்களுக்கென்று பூங்காவே சில இடங்களைக் குறித்து வைத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஆள் வரம்பும் வண்டி வரம்பும் தனித்தனி. அந்தப் பட்டியலில் கீஸ் வியூ இல்லை. 5,185 அடி உயரத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கும் இடம் அது. இருந்திருந்தாலும் பட்டுப்புடவையோடு அங்கே போகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்து இந்தியன் கோவ். 62ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து தனிச் சாலை போகிறது, மேற்கு வாசல் வரிசையில் மாட்ட வேண்டாம், உட்கார அரைவட்ட மேடை உண்டு. எல்லாம் பொருந்தியும் வெயில் பொருந்தவில்லை. அது வடக்குப் பார்த்த பாறைக் குடைவு. நவம்பரில் சூரியன் தென்கிழக்கில் தாழ்வாக ஏறுவதால் பெரிய பாறைகள் மறைத்துக்கொள்ளும்; தரைக்கு வெயில் வந்து சேர நேரமாகும். குளிரில் நடுங்கிக்கொண்டு நிழலில் நிற்பதற்கா இவ்வளவு தூரம்?

கேப் ராக் அப்படியில்லை. பார்க் புலவார்டும் கீஸ் வியூ சாலையும் பிரியும் இடத்தில், வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டியே பாறை. சுற்றிலும் சமவெளியும் ஜோஷுவா மரங்களும். 0.4 மைல் வட்டப்பாதை, சக்கர நாற்காலியே போகும் அளவுக்குச் சமமாகப் போட்டது. பாட்டிக்கு நடை மிச்சம்.

ஒரே ஒரு நெருடல். கிராம் பார்சன்ஸ் என்ற பாடகர் 1973 செப்டம்பரில் இந்தப் பக்கத்து விடுதி ஒன்றில் இறந்தபோது, அவருடைய நண்பர்கள் விமான நிலையத்திலிருந்து சவப்பெட்டியைக் கடத்திவந்து இந்த கேப் ராக்கில்தான் தீ வைத்தார்கள். பெண்ணிடமும் பையனிடமும் சொன்னேன், சிரித்தார்கள். பாட்டியிடம் யாரும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவரிடம் யாரும் வாசித்துக் காட்டாமல் இருந்தால் சரி.

அனுமதி கையில் இருந்தாலும் இடம் நமக்கு மட்டும் என்று ஆகாது. மற்றவர்கள் வருவார்கள், பாறை ஏறுபவர்கள் கயிற்றோடு நிற்பார்கள், நாம் யாரையும் தள்ளி நிற்கச் சொல்ல முடியாது. வாரநாள், அதிகாலை என்று பிடிவாதம் பிடித்ததற்கு இதுவும் காரணம். நுழைவுக் கட்டணமும் தனி: ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். இரண்டு காரில் அடக்கினோம்.

லைசென்ஸ்

இந்தக் கல்யாணத்தில் அதிகம் தூக்கம் கெடுத்தது இதுதான். பூங்கா அனுமதி மத்திய அரசின் வேலை, திருமண லைசென்ஸ் கவுண்டியின் வேலை. ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் கிடையாது. பூங்கா அனுமதி கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு லைசென்ஸ் இல்லாமல் வந்து நிற்பவர்கள் உண்டு.

கலிஃபோர்னியாவில் இருவரும் நேரில் கவுண்டி கிளார்க் அலுவலகம் போய் அடையாள அட்டையைக் காட்டி வாங்க வேண்டும். குடியுரிமையோ குடியிருப்போ கேட்பதில்லை, ரத்தப் பரிசோதனையும் காத்திருப்புக் காலமும் கிடையாது. வாங்கியதிலிருந்து 90 நாள் செல்லும். இதில் இரண்டு வகை. பொது லைசென்ஸுக்கு ஒரு சாட்சியாவது கையெழுத்துப் போட வேண்டும். மாநிலத்தில் எங்கு வேண்டுமானாலும் கல்யாணம் செய்யலாம். ரகசிய லைசென்ஸ் என்பது ஏற்கெனவே சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு. சாட்சி வேண்டாம், பதிவும் பொதுப் பார்வைக்குப் போகாது, ஆனால் வழங்கிய கவுண்டிக்குள்ளேயே சடங்கு நடக்க வேண்டும். சாட்சித் தொல்லை இல்லை என்று பையன் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். ஆரஞ்சு கவுண்டியில் வாங்கி ஜோஷுவா ட்ரீயில் பயன்படுத்தினால் அது செல்லாது என்று சொல்லி மாற்ற வேண்டியிருந்தது. சாட்சிக்கு ஆளா பஞ்சம்? சித்தியும் சித்தப்பாவும் இருக்கிறார்கள்.

இன்னொரு பொறி: பூங்கா இரண்டு கவுண்டிகளில் விரிந்து கிடக்கிறது. ஜோஷுவா ட்ரீ என்ற ஊர், மேற்கு வாசல், இந்தியன் கோவ் எல்லாம் சான் பெர்னார்டினோ கவுண்டி. கேப் ராக் அதற்குத் தெற்கே, ரிவர்சைட் கவுண்டியில். சாலையில் பார்த்தால் கோடு எதுவும் தெரியாது. லைசென்ஸில் சடங்கு நடந்த கவுண்டி என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஊர்ப் பெயர் நினைவில் சான் பெர்னார்டினோ என்று எழுதினால் தப்பு. அடித்துத் திருத்தவோ வெள்ளை மை வைக்கவோ கூடாது. திருத்தினால் தாளே திரும்பி வந்துவிடும், கட்டணம் கட்டி நகல் லைசென்ஸ் வாங்க வேண்டும். சடங்கை நடத்தி வைத்தவர் பையனின் நண்பர், இணையத்தில் ஆர்டினேஷன், அதாவது கல்யாணம் நடத்தி வைக்கும் தகுதி, பெற்றவர். 18 வயது நிரம்பியிருந்தால் போதும், மாநிலத்தில் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தில் என்ன என்று அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கறுப்புப் பேனாவும் கையில் கொடுத்தேன்.

பெயர் விவகாரம் நம்மவர்களுக்கே உரிய தலைவலி. பெண்ணின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் அவருடைய பெயரே குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ, அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று விழுந்திருந்தது. லைசென்ஸில் மணத்துக்குப் பின் என்ன பெயர் என்று தனிக் கட்டம் உண்டு. அதில் எழுதியதைப் பிறகு மனம் மாறித் திருத்த முடியாது. பையனின் குடும்பப் பெயர் என்பது உண்மையில் அவர் அப்பா பெயர். "மாமனார் பேரையா நான் வச்சுக்கணும்?" என்றார் பெண். பெயர் மாற்றம் எதுவும் இல்லை என்று கட்டத்தைக் காலியாக விட்டார்கள். எனக்கு அதுதான் சரி என்று பட்டது. இந்தியப் பாஸ்போர்ட்டில் பெயரைச் சீர்செய்ய நினைப்பவர்கள் கல்யாணத்துக்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் மத்திய அரசு அலுவலகங்கள் முடங்கினால் என்ன செய்வது என்றும் பேசிவைத்தோம். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை முடங்கியபோது பூங்கா ஆளில்லாமல் திறந்து கிடந்தது, மரங்களுக்குச் சேதம் வந்தது. 2025இல் அக்டோபர் 1 முதல் 43 நாள் முடக்கம். கவுண்டி அலுவலகம் இதில் பாதிக்கப்படாது. லைசென்ஸ் உயிரோடு இருக்கும், இடத்துக்குத்தான் மாற்று வேண்டும். தங்குவதற்கு எடுத்த வாடகை வீட்டின் முற்றத்தில் சடங்கு வைத்துக்கொள்ள வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி வைத்தேன்.

எதை விட்டுவிட்டுப் போவது

அட்சதை தூவக்கூடாது. அரிசி, பூவிதழ், வண்ணக்காகிதம் எதையும் தரையில் போட அனுமதியில்லை. பூங்காவே போட்டிருக்கும் அடுப்பு வளையத்தைத் தவிர வேறெங்கும் நெருப்பு மூட்டக் கூடாது, ஆக ஹோமம் கிடையாது. ஒலிபெருக்கி கிடையாது, எனவே கெட்டிமேளமும் போனது. ட்ரோன் 2014இலிருந்தே எல்லாத் தேசியப் பூங்காவிலும் தடை. மரத்தில் எதையும் கட்டவோ சாய்க்கவோ கூடாது. படமெடுப்பவருக்குத் தனி அனுமதி வேண்டுமா என்றால், 2025 ஜனவரியில் வந்த எக்ஸ்ப்ளோர் சட்டத்துக்குப் பிறகு கையில் தூக்கும் கருவியோடு வரும் ஐந்து பேர் வரைக்கும் தேவையில்லை. சடங்குக்கான அனுமதி அதனால் போய்விடாது.

"அட்சதை போடாம என்ன கல்யாணம்?" என்று பாட்டி ஒரே பிடியாக நின்றார். சடங்கை இரண்டாகப் பிரித்ததும் இறங்கி வந்தார். விடியுமுன் வாடகை வீட்டில் குத்துவிளக்கு ஏற்றி, பெரியவர்கள் மஞ்சளரிசி தூவி ஆசீர்வாதம். கற்பூரம் வேண்டாம் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். அந்த வீடுகளில் புகை அலாரம் அலறினால் நிறுத்துவது பெரிய பாடு. பூங்காவில் மாலை, தாலி, கையெழுத்து மட்டும்.

மாலையில் உதிரிப்பூ இல்லாமல் நெருக்கமாகக் கட்டச் சொன்னோம். என்ன கட்டினாலும் மாற்றும்போது ரோஜா இதழ் உதிரும். கீழே விரிக்க ஒரு நாலு முழ வேட்டி எடுத்துக்கொண்டோம். கேமராவில் வெள்ளை விரிப்பாக அழகாகவே விழுந்தது.

வியாழக்கிழமை

பூங்காவின் உட்பகுதியில் குடிநீர் கிடையாது, கடை கிடையாது, பெட்ரோல் கிடையாது, செல்போன் சிக்னலும் ஏறக்குறைய இல்லை. தண்ணீரும் இட்லியும் வண்டியில் ஏறின. நேரலையில் பார்ப்போம் என்று ஊரில் காத்திருந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தோம்: தாலி கட்டும்போது அங்கே இரவு 9.45, வெளியே வந்து சிக்னல் கிடைத்ததும் பதினொரு மணி வாக்கில் அழைப்போம், பயப்பட வேண்டாம். இதைச் சொல்லாமல் விட்டால் அரை மணி தாமதத்துக்குள் விபத்து வரை கற்பனை போய்விடும்.

ஏழரைக்குக் கேப் ராக். பெண்ணுக்குப் பட்டுக்குள்ளே குளிர் தாங்கும் ஒட்டுடை, மேலே பையனின் ஸ்வெட்டர். சடங்கு முடியும் வரை கால் மணி நேரம்தான் கழற்றினார். பாதையோரத்தில் கேட்க்ளா என்ற வளைமுள் புதர். அதில் முந்தானை மாட்டிக்கொண்டது. இழுத்திருந்தால் ஜரிகை போயிருக்கும். முள் பின்னோக்கி வளைந்திருப்பதால் துணியைப் புதரின் பக்கமாகவே தள்ளி, ஒவ்வொரு கொக்கியாகச் சித்தி எடுத்துவிட்டார். அதற்கு ஐந்து நிமிடம். திட்டத்தில் அரை மணி சும்மா விட்டிருந்தது இதற்குத்தான்.

8.15க்கு மஞ்சள் கயிறு. முதல் முடிச்சுப் பையன், மற்ற இரண்டையும் சித்தி போட்டார். விரல் விறைத்துப்போய் கயிறு வழுக்கியது. கெட்டிமேளம் இல்லாத குறையைப் பாட்டி தீர்த்துவைத்தார். ஊன்றுகோலைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு, வாயருகே கையை வைத்துக் குலவை போட்டார். பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. எதிரே கயிறு சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள்.

கையெழுத்து காரின் பானெட்டில். காற்றுக்குத் தாள் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் விரல். வேட்டியை நாலாக மடித்ததில் இதழ்கள் உள்ளே போயின. வெளியே சிதறிய ஏழெட்டையும் குனிந்து பொறுக்கினோம். 8.50க்கு வண்டி கிளம்பிவிட்டது.

பிறகு

நடத்தி வைத்தவர் கையெழுத்தான லைசென்ஸைப் பத்து நாளுக்குள், கல்யாணம் நடந்த ரிவர்சைடுக்கு அல்ல, அதை வழங்கிய ஆரஞ்சு கவுண்டிக்கு அனுப்ப வேண்டும். அன்று மதியமே தபாலில் போட்டார். அது பதிவானாலும் சான்றிதழ் தானாக வீட்டுக்கு வராது. சான்றளித்த பிரதிக்குத் தனியாக விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். மூன்று பிரதி வாங்கச் சொன்னேன். ஒன்று விசா வேலைக்கு, ஒன்று வீட்டுக்கு, ஒன்று இந்தியாவுக்கு. இந்தியாவில் காட்டவேண்டிய பிரதிக்குக் கலிஃபோர்னியா மாநிலச் செயலரிடம் அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்கான சான்று, வாங்க வேண்டும். இரு நாடுகளும் ஹேக் உடன்படிக்கையில் இருப்பதால் தூதரகச் சான்று தேவைப்படவில்லை. சாதாரண நகலுக்கு அப்போஸ்டில் போட மாட்டார்கள், கவுண்டி அதிகாரி கையெழுத்திட்ட மூலப் பிரதி வேண்டும்.

வரவேற்பு தை மாதம் ஊரில் நடந்தது. எந்த மண்டபம் என்ற பேச்சு அதற்கும் இழுத்தது என்று கேள்வி.